தேவாலயத்துக்குப் பின்னால் புல்வெளி

ரொறொன்ரோவுக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் நீர்வீழ்ச்சியைப் பற்றிச் சொல்வார்கள். நான் நீர்வீழ்ச்சி பார்க்கவில்லை. ஆறு நாட்கள் நின்றேன். அதில் முதல் நான்கு நாட்களும் என் கைப்பைக்குள் ஒரு மொட்டைக் கடிதம் இருந்தது. அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு தண்ணீர் விழுவதை வாய்பார்த்து நிற்க எனக்கு வராது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஒக்டோபர் மாதம். நான் ஜேர்மனியில் ஸ்டைன்புறூக் என்ற சிறிய நகரத்தில் இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. என் பெரியம்மாவின் மகள் பவானி, கனடாவில் அஜக்ஸில் வீடு வாங்கிப் பால் காய்ச்சப் போவதாக எழுதியிருந்தாள். மேலதிகாரியிடம் லீவு கேட்டபோது அதைத்தான் சொன்னேன். அக்கம்பக்கத்துத் தமிழரிடமும் அதையே சொன்னேன். உண்மையில் நான் போனது ஒரு மாப்பிள்ளையை விசாரிக்க.

மாப்பிள்ளை என்னோடு இருக்கும் தங்கை வதனிக்கு. அவளுக்கு முப்பத்தொரு வயது. நான்கு வருடங்களுக்கு முன்னர் பாரிஸில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தபோது ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. நான் அதை நம்பிப் பேச்சை நிறுத்தினேன். அவ்வளவும் பொய் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பையனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வதனி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு குத்தியிருக்காது.

இந்த முறையும் கடிதம் வந்தது. வாசித்துவிட்டு மடித்து என்னிடமே தந்தாள். "அக்கா, கடுதாசியைப் பார்த்து முடிவெடுக்காதேங்கோ. ஆளைப் போய்ப் பாருங்கோ. பார்த்திட்டு நீங்கள் வேண்டாம் எண்டால் நான் ஒண்டும் கேக்கமாட்டன்" என்றாள். அதனால்தான் புறப்பட்டேன்.

மாப்பிள்ளையின் பெயர் நேசன். முப்பத்தாறு வயது. கனடாவுக்குப் போக முன்னர் ஐந்து வருடங்கள் எங்கள் பக்கத்தில்தான், வால்ட்பாக் கிராமத்து அகதிகள் விடுதியில் இருந்தவர். ஆற்றுக்கு இந்தக் கரை ஸ்டைன்புறூக், அந்தக் கரை வால்ட்பாக். ஆறுதான் மாவட்ட எல்லை. அகதி வழக்கு முடியாதவர் அனுமதி இல்லாமல் தன் மாவட்டத்தைவிட்டு வெளியே கால் வைக்கக் கூடாது என்பது அங்கத்தைய சட்டம். "நான் ஒருநாளும் ஆறு தாண்டினதில்லை" என்று நேசன் தரகரிடம் சொல்லியிருந்தார். கடிதம் வேறு கதை சொன்னது. ஸ்டைன்புறூக் தேவாலயத்துக்குப் பின்னால், பேக்கரிக்கு மேல் வீட்டில், இரண்டு வருடங்கள் ஒரு வெள்ளைக்காரியோடு குடித்தனம் நடத்தினார் என்று விலாசத்தோடு எழுதியிருந்தது.

சட்டத்தைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. அந்தக் காலத்தில் ஆறு தாண்டாத தமிழர் யார்? என் கணவரே வேறொரு மாவட்டத்தில் களவாகத் தாண்டிப்போய் உணவகத்தில் கோப்பை கழுவியவர்தான். நாங்கள் ஸ்டைன்புறூக்குக்கு வந்தது நேசன் கனடாவுக்குப் போன பிறகு. ஆகவே எனக்கு நேரில் ஒன்றும் தெரியாது. நேசனின் படத்தைக் கொண்டுபோய்ப் பேக்கரிக்காரியிடம் காட்டினேன். மேலே ஒரு தமிழன் இருந்தது உண்மைதான் என்றாள், நல்ல மரியாதையான ஆள். இந்த ஆளா என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள், கழற்றிப் பார்த்தாள். "இருக்கலாம்" என்றாள். அந்த "இருக்கலாம்" அத்திலாந்திக் சமுத்திரம் முழுவதும் என் பக்கத்து இருக்கையிலேயே வந்தது.

விமான நிலையத்துக்குப் பவானியின் கணவர் குணம் அண்ணை வந்திருந்தார். ஒரு கையால் ஸ்ரியறிங், மறு கையால் மட்டன் ரோல்ஸ். நெடுஞ்சாலையில் எத்தனை வரிசை என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். இவ்வளவு அகல வீதியைக் கொடுத்தும் இந்த ஆட்கள் ஏன் இப்படி ஊர்கிறார்கள் என்று கேட்டேன். "இஞ்சை ஒருத்தருக்கும் அவசரமில்லைப் பிள்ளை. எல்லாருக்கும் ரெண்டாவது வேலை பின்னேரம்தான் துவங்கும்" என்றார்.

ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அவர்களுடைய அடுக்குமாடி வீடு முழுவதும் அட்டைப்பெட்டிகள். அஜக்ஸுக்குப் போகக் கட்டி வைத்தவை. ஒரு பெட்டியை மேசையாக்கி இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தாள் பவானி. இடியப்பம் கடையில் வாங்கியது. இங்கே அதை நூறு, இருநூறு என்று எண்ணிப் பெட்டியில் தருகிறார்கள். நான் ஒரு பிடி கறிவேப்பிலைக்கு இரண்டு ரயில் மாறுகிறவள். அன்று பன்னிரண்டு இடியப்பம் சாப்பிட்டேன், எண்ணியது குணம் அண்ணை. நான் ஆசையாகப் பேக்கரியில் வாங்கிக் கொண்டுபோன கறுத்த ஜேர்மன் பாணை அவர் கையில் தூக்கிப் பார்த்தார். அஜக்ஸ் வீட்டு அத்திவாரத்துக்கு வைக்கலாமா என்று கேட்டார். ஒருவரும் அதைத் தொடவில்லை.

இரண்டாம் நாள் தமிழ்க்கடைக்குப் போனேன். ஊரில் சம்பந்தம் விசாரிக்கிறவர்கள் தேநீர்க்கடை, சலூன் என்று சுற்றுவார்கள். இங்கே மரக்கறிக்கடை ஒன்றே போதும். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் "எந்த இடம்?" என்றார். சொன்னேன். "அதில எவடம்?" என்றார். அதையும் சொன்னேன். என்னைப் பற்றி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டபிறகு என் முறை வந்தது. அடுத்த வீதியில் நேசன் என்று ஒருவர் இருக்கிறாராமே என்று வெண்டிக்காய் தெரிந்தெடுத்தபடி கேட்டேன்.

"தங்கமான பெடியன். குடி இல்லை, சிகரெற் இல்லை. மிசிசாகாவில எயர்போட் சாமான் ஏத்திற வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையில ஆளைப் பிடிக்கேலாது."

"ஏன்?"

"ஞாயிறு ஞாயிறு ஜேர்மனிக்குப் போயிடுவான்."

பாகற்காயை நிறுத்தபடி சொன்னார். முகத்தில் சிரிப்பில்லை. விமான நிலையத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மலிவாகப் பறக்க வசதி உண்டு என்று எங்கோ கேட்டிருந்தேன். வெண்டிக்காயைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பவானியிடம் சொன்னேன்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஜேர்மனிக்குப் போய் வரேலுமோடி? உனக்கு விசரே" என்றாள்.

"சனிக்கிழமை ராவு வெளிக்கிட்டால்?" என்றேன். ஆள் போய்த் திரும்பி வர எத்தனை மணி நேரம் என்று நான் கணக்கே போட்டு வைத்திருந்தேன். பேய்க்குப் பயந்தவனுக்குப் பனைமரமெல்லாம் பேய் என்பார்கள். என் பேய் பேக்கரிக்கு மேல் இருந்தது.

மூன்றாம் நாள் பால் காய்ச்ச ஒரு புதுச் சட்டி வாங்கி வரும்படி பவானி என்னைத் தனியாக அனுப்பினாள். பஸ்ஸில் ஏறும்போதே, அடுத்த பஸ்ஸுக்கு மாறிப்போகும் துண்டைச் சாரதியிடம் கேட்டு வாங்கவேண்டும் என்று சொல்லியிருந்தாள். நான் வாங்கவில்லை. ஜேர்மனியில் ரிக்கெற்றை நாங்களே இயந்திரத்தில் குத்துவோம், சாரதியோடு கதைப்பதில்லை. போதாதற்குக் கிழக்கே போகவேண்டியவள் மேற்கே போகும் பஸ்ஸில் ஏறியிருந்தேன். முக்கால் மணி நேரத்தின் பின் சாரதி திரும்பிப் பார்த்து, "அம்மா, இதுதான் கடைசித் தரிப்பு. நீங்கள் எங்கே போகவேண்டும் என்று யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். அதட்டவில்லை. எங்கள் ஜேர்மன் சாரதி என்றால் எனக்குக் கால அட்டவணை பற்றி ஒரு விரிவுரை கிடைத்திருக்கும்.

தரிப்பிடத்தில் டிரினிடாட்டைச் சேர்ந்த ஒரு பெண் தன் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். என் ஓட்டை ஆங்கிலத்தில் வழி கேட்டேன். வழி சொல்லிவிட்டு, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தேன், ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியவில்லை என்றேன். அறிந்த தமிழரிடம் மறைத்ததை முன்பின் தெரியாதவளிடம் கொட்டுவது எவ்வளவு சுலபம்.

"நான் என் கணவரின் வீட்டுக்குப் போனதும் முதலில் கோப்பை கழுவும் தொட்டியைத்தான் பார்த்தேன்" என்றாள் அவள். "மற்றதெல்லாவற்றையும் ஆண்கள் ஒரு நாளைக்கு மறைக்கலாம். தொட்டியின் மூலையை மறைக்கத் தெரியாது."

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. சலவைப் பகுதியில் பதினைந்து வயதுக் கறையையும் கண்டுபிடிக்கிற கண் என்னுடையது. சட்டி வாங்காமலே திரும்பினேன். பவானி கத்தினாள்.

நான்காம் நாள் ஞாயிறு. நேசனை வீட்டில் பார்க்கலாம் என்று குணம் அண்ணை சொன்னபோது, "ஜேர்மனிக்குப் போகேல்லையோ?" என்று கேட்டேன். "வா, நீயே பார்" என்றார். பெண்வீட்டார் மாப்பிள்ளையிடம் நேரே எதையும் கேட்பது எங்களுக்கு வழக்கமில்லை. சும்மா வந்த மாதிரி வந்து, சும்மா பார்த்த மாதிரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போகவேண்டும். அதனால் ஒரு வாழைப்பழச் சீப்பும் வாங்கிக்கொண்டு போனோம்.

நேசன் இருந்தது ஒரு பேஸ்மென்ற் வீட்டில். யன்னலில் வெளியே நின்ற புல்லின் அடித்தண்டுதான் தெரிந்தது. மெலிந்த, உயர்ந்த மனிதர். கூரையில் முட்டாமலிருக்கச் சற்றுக் குனிந்தே நடந்தார். "இருங்கோ அக்கா. ரீ போடட்டோ, கோப்பியோ?" என்றார். ரீ என்றுவிட்டு நானும் பின்னாலே குசினிக்குப் போனேன். தொட்டியின் மூலை பளிச்சென்று இருந்தது. நல்லது. ஆனால் தொட்டி துப்புரவாக இருந்ததற்காகக் கடிதம் பொய்யாகிவிடாது.

"தம்பி, உம்மட ஜேர்மனியை அக்காவுக்குக் காட்டும்" என்றார் குணம் அண்ணை.

மேசையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது, விமானம் ஓட்டும் கைபிடியோடு. விமானியின் இருக்கையிலிருந்து பார்ப்பதுபோல் திரையில் வானமும் நிலமும் தெரியும் விளையாட்டு. ஞாயிறு தோறும் இவர் ஜேர்மனிக்குப் பறப்பது இந்த நாற்காலியில் இருந்துதான். கடைக்காரர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைத் தேநீரோடு விழுங்கினேன். பவானி சொன்னது சரி, எனக்கு விசர்தான்.

"உது பெட்டியில வந்த ஜேர்மனி" என்று முதலில் ஒன்றைக் காட்டினார். பச்சை நிலம். அதில் ஒரு கிராமம்: நடுவே தேவாலயம், சுற்றிச் சிவப்புக் கூரை போட்ட பன்னிரண்டு வீடுகள். கொஞ்சம் பறந்தால் அடுத்த கிராமம். அதே தேவாலயம், அதே பன்னிரண்டு வீடுகள். "வடக்குக் கடலில இருந்து தெற்கு மலைமட்டும் ஒரே ஊரைத்தான் அச்சுக் குத்தி வச்சிருக்கிறாங்கள். எனக்கு விசர் வந்திட்டுது. அதுதான் நானே செய்யத் துவங்கினனான்."

பிறகு தன்னுடையதைத் திறந்தார். விமானம் தாழப் பறந்தது. நான் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டேன். வால்ட்பாக். எங்கள் பக்கத்து வீடுகளுக்குச் சிவப்பு ஓடு கிடையாது. மலையில் வெட்டிய கறுத்த கற்பலகைதான். இங்கேயும் கூரைகள் கறுப்பு. தீயணைப்பு நிலையத்துக் குழாய் காயப்போடும் கோபுரம் நின்றது. பஸ் தரிப்பு நின்றது. மூன்றாவது பண்ணைவீட்டின் முன்னால் எருக்குவியல்கூட இருந்தது. கிட்டப் போனால் எல்லாம் சதுரம் சதுரமாகக் கலங்கியது, ஆனாலும் நான் இரண்டு கிழமைக்கு ஒருமுறை முட்டை வாங்கப் போகும் வீட்டை உடனே அடையாளம் கண்டுவிட்டேன்.

"உது எவ்வளவு காலம்?" என்று கேட்டேன்.

"மூண்டு வருசம் அக்கா. ஞாயிற்றுக்கிழமையில மட்டும்தானே."

விசாரிக்க வந்தவள் நான். ஆனால் அடுத்த அரைமணி நேரமாகக் கேள்வி கேட்டது அவர்தான். தீயணைப்பு நிலையக் கதவு இன்னும் பச்சைதானா? இல்லை, சிவப்படித்துவிட்டார்கள். விடுதிக்கு முன்னால் நின்ற பெரிய மரம்? வெட்டிவிட்டார்கள். "அப்ப வெயில் நல்லாப் படும்" என்று ஒரு பாடசாலைக் கொப்பியில் குறித்துக்கொண்டார். சுவரில் ஒரு பழைய வரைபடம் ஒட்டியிருந்தது. விடுதிக்கு வந்த முதல் நாள் மாவட்டக் கந்தோரில் கொடுத்தார்களாம், எதுவரை போகலாம் என்று காட்ட. மாவட்டத்துக்குள் ஒவ்வொரு ஒழுங்கையும் இருந்தது. ஆற்றுக்கு அப்பால் வெறும் வெள்ளைத்தாள்.

"நீங்களும் ஓடிப் பாருங்கோ அக்கா" என்று கைபிடியைத் தந்தார்.

நான் சைக்கிளே ஒழுங்காக ஓட்டாதவள். விமானம் ஒரு பக்கம் சரிந்து ஆற்றை நோக்கிப் போனது.

"அங்கால போகாதேங்கோ" என்றார் நேசன்.

"ஏன்?"

"அங்கால ஒண்டும் வடிவா இல்லை. திருப்புங்கோ."

எட்டிக் கைபிடியைப் பிடிக்கவும் வந்தார். அந்தரப்பட்ட குரல். என் காது கூர்மையாகிவிட்டது. இதுவரை எல்லாவற்றையும் காட்டத் துடித்த மனிதர், ஆற்றைக் கண்டதும் ஏன் பதறுகிறார்?

"நான் இருக்கிற ஊரல்லோ தம்பி. இவ்வளவு தூரம் வந்திட்டு அதைப் பார்க்காமல் போறதோ?"

அவர் கையை எடுத்தார். ஆற்றின் மேல் போனோம். எதிரே ஸ்டைன்புறூக். கரையோரத்து வில்லோ மரம், கூர்முகட்டு வீடுகள் மூன்று, மதுவடிசாலையின் புகைபோக்கி, நடுவே தேவாலயக் கோபுரம். கோபுர மணிக்கூட்டின் முள்கூட மஞ்சளாக இருந்தது. அச்சொட்டாக எங்கள் நகரம். போகாத ஊரை ஒருவர் இப்படிச் செய்வாரா? வதனியிடம் என்ன சொல்வது என்று மனம் சொற்களைத் தேடத் தொடங்கியது. பாரிஸ் சம்பந்தத்துக்குச் சொன்ன அதே சொற்கள்தான் வந்தன.

விமானம் பாலத்தைத் தாண்டியது. கோபுரம் பக்கத்தால் நழுவியது. உடனே வீடுகள் மறைந்தன. பின்னால் பச்சை, வெறும் பச்சை. நான் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். நேசன் கைபிடியை வாங்கி விமானத்தை வட்டமடித்துத் திருப்பினார். மறுபக்கத்திலிருந்து பார்த்தால் கோபுரமும் இல்லை. ஆறு தெரிந்தது, அதற்கு அப்பால் வால்ட்பாக் நாலு பக்கச் சுவரோடும் எருக்குவியலோடும் முழுதாகத் தெரிந்தது. ஸ்டைன்புறூக் இருந்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை.

"எங்க ஊர்?" என்றேன்.

"அதுதான் வேண்டாம் எண்டனான்" என்றார் வெட்கத்தோடு. "ஒவ்வொரு வீடும் அட்டை நிறுத்தின மாதிரி அக்கா. எந்தப் பக்கத்தில படம் ஒட்டினமோ அந்தப் பக்கத்தால மட்டும்தான் தெரியும். மற்றப் பக்கம் நிண்டால் அட்டையே தெரியாது. வால்ட்பாக்குக்கு நாலு பக்கமும் ஒட்டியிருக்கிறன். உங்கட ஊருக்கு ஆத்தங்கரைப் பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரியும். அஞ்சு வருசமாப் பின்னேரத்தில எங்கட கரை வாங்கில குந்தியிருந்து பார்த்த பக்கம்."

ஸ்டைன்புறூக்கை அறிந்தவர்களுக்கு இதன் முழுக் கனம் புரியும். எங்கள் ஊரின் முக்கால்வாசி தேவாலயத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. சந்தைச் சதுக்கம் அங்கே, நகரமன்றம் அங்கே, நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் அங்கே. பேக்கரியும் அங்கே. அங்கே இரண்டு வருடங்கள் குடியிருந்த ஒருவர், எருக்குவியலைக்கூட மறக்காத ஒருவர், அந்த இடத்தில் புல் விதைப்பாரா? மறைக்கத்தான் செய்தார் என்றால், நாங்கள் பேசத் தொடங்கியதே இந்தக் கோடையில். பெண் யார் என்று தெரிவதற்கு மூன்று வருடங்கள் முன்னரே ஒரு நகரத்தை அழித்து வைக்க எவனாலும் முடியாது. என் சந்தேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

ஆனாலும் கடைசியாக ஒருமுறை கறையைத் தேய்த்துப் பார்த்தேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: "தேவாலயத்துக்குப் பின்னால ஒரு பேக்கரி இருக்கு. மேல ஒரு வீடு."

நேசன் பென்சிலை எடுத்தார். "எத்தினை மாடி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என் வயிற்றில் பால் வார்த்தது. சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது. குணம் அண்ணை வாழைப்பழத்தை உரித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நேசனுக்கோ நான் பேக்கரி பற்றிச் சொன்னதுதான் பெரிது. சந்தை எந்தப் பக்கம், கோபுரத்துக்குப் பின்னாலும் மணிக்கூடு உண்டா, சதுக்கத்துக்கு இறங்குவது படியா சரிவா என்று அடுக்கினார். மூன்று வருடங்களாக யாரிடமாவது கேட்கக் காத்திருந்தவர் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கும் உற்சாகம் பிடித்துவிட்டது. "சொல்ல வராது, கீறிக் காட்டுறன்" என்று கைப்பைக்குள் கைவிட்டு அகப்பட்ட தாளை எடுத்தேன். சதுக்கத்தைக் கீறினேன், பதினெட்டுப் படிகளைக் கீறினேன், பேக்கரியையும் அதன் மஞ்சள் கதவையும் கீறினேன். பின்பக்கம் மணிக்கூடு இல்லை என்று எழுதியும் கொடுத்தேன்.

தாளைக் கையில் வாங்கியவர் அதைத் திருப்பினார். நான் கீறியது மொட்டைக் கடிதத்தின் வெற்றுப் பக்கத்தில் என்று அப்போதுதான் கண்டேன்.

முழுவதையும் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். முகம் சுருங்கியது. எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது.

"உதுக்காகத்தான் வந்தனீங்களோ?"

"ஓம்."

"நேராக் கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டால் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பீர்."

யோசித்தார். "ஓம். வேறென்னத்தைச் சொல்லுறது?" என்றார். "ஒருநாள் பாலத்தில பாதி தூரம் போனனான். ஒருத்தரும் மறிக்கேல்லை. எண்டாலும் கேஸ் பிழைச்சிடும் எண்டு பயத்தில திரும்பி வந்திட்டன். மற்றப் பெடியள் எல்லாரும் போய் வந்தவங்கள். நான் பயந்தாங்கொள்ளி. அதைச் சொல்ல வெக்கம்" என்றார்.

பயந்தாங்கொள்ளி மாப்பிள்ளை வேண்டும் என்று யாரும் சாதகத்தில் எழுதிக் கேட்பதில்லை. எனக்கு அன்று அதைவிட நல்ல சான்றிதழ் தேவைப்படவில்லை. "மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். என் வயதுக்கு அது சுலபமாக வருகிற சொல் இல்லை. அவர் கடிதத்தின் ஒரு வரியில் விரல் வைத்து மறுபடி பார்த்தார்.

"பேக்கரிக்கு மேல எண்டு எழுதியிருக்கு. நீங்கள் ஒரு மாடிதான் கீறியிருக்கிறியள். இன்னொண்டு இருக்கோ?"

இருந்தது. கீறிக் கொடுத்தேன். இந்தத் தாளைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

மறுநாள் திங்கள் காலை அஜக்ஸில் பால் காய்ச்சினார்கள். புது வீடு, கம்பளத்தின் வாசனை, தளபாடம் ஒன்றும் இல்லை. குணம் அண்ணை முதலில் உள்ளே கொண்டுபோனது ஒரு சாமிப்படமும் ரெலிபோனும். சட்டி நான் வாங்காதபடியால் பழைய சட்டியில்தான் காய்ச்சினாள் பவானி. அதற்கு நாள் முழுவதும் என்னைத் திட்டினாள். அந்தத் திட்டும் அன்று காதுக்கு இதமாக இருந்தது. நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப்போகட்டா என்று குணம் அண்ணை கேட்டார். அடுத்த முறை வதனியோடு வந்து பார்க்கிறேன் என்றேன்.

அந்த வீட்டிலிருந்து போன முதல் அழைப்பு என்னுடையது. ஜேர்மனியில் அப்போது மத்தியானம். முதல் மணியிலேயே வதனி எடுத்தாள். வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். "அக்கா" என்றதோடு நிறுத்திவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று சொன்னவள்.

"தேவாலயத்துக்குப் பின்னால வெறும் புல்லு" என்றேன்.

"என்னக்கா சொல்லுறியள்?"

"பேக்கரியும் இல்லை, மேல வீடும் இல்லை. ஒரு மணிக்கூடுகூட இல்லை."



"அக்கா, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. புல்லு எண்டால் நல்லதோ, கூடாதோ?"

"நல்லது" என்றேன். "நீ ஓம் எண்டு சொல்லு."